பெட்டிக்குப் போர்த்திய கம்பளம்

அன்பு மகள் வத்ஹாவுக்கு, உன் அம்மா எழுதுவது. இறைவனின் சாந்தி உன்மேல் இறங்கட்டும். காற்றளக்கும் பெட்டியை உன் ஹாயில் சித்தப்பா கம்பளம் போட்டு மூடிவிட்டார். மற்றபடி நாங்கள் எல்லோரும் நலம், ஆடுகள் நலம், கடை நலம், நீயும் டென்மார்க்கில் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ பாதியிலேயே சிரித்துவிடுவாய், சித்தப்பா என் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், மனிதர் ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறார்.

தலைநகர் அம்மானிலிருந்து பல்கலைக்கழகத்துக்காரர்கள் வந்து நம் மலைமேட்டில் ஒரு பெட்டி வைத்தார்கள் என்று எழுதியிருந்தேன் அல்லவா, வானத்தைப் பார்த்து ஒளி அனுப்பி மேலே காற்று என்ன வேகத்தில் போகிறது என்று கணக்கெடுக்குமே, அதுதான். நம் மேடா, தெற்கு மாவட்டமா, எங்கே காற்று நன்றாக இருக்கிறதோ அங்கேதான் புதிய காற்றாலைகளும் பழுதுபார்க்கும் பட்டறையும் வரும் என்று பேச்சு. பட்டறை இங்கே வந்தால், அங்கே காற்றாலை ஏறிப் பழுதுபார்ப்பதை விட்டு நானும் வந்துவிடுவேன் என்று நீ சொன்னாய். சும்மா சொன்னாயோ நிஜமாகச் சொன்னாயோ, நான் நிஜமென்றே எடுத்துக்கொண்டேன். பெட்டிக்குக் காவலாக உன் சித்தப்பாவைப் போட்டார்கள், இதை உங்கள் கண்போலப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவரும் பார்த்துக்கொண்டார். போன மாதம் பனிப்புயல் வந்ததே, மலையே பெயர்ந்துவிடும்போல ஒரு காற்று, அப்போது இந்த மனிதர் நேராக என் வீட்டுக்கு வந்து, விருந்தாளிகளுக்கு விரிக்கும் அந்த ஆட்டுமயிர்க் கம்பளத்தை எடுத்துப் போய், பெட்டிக்குப் போர்த்தி, காற்று தூக்கிவிடாமல் நான்கு பக்கமும் பாறாங்கல்லை ஏற்றிவைத்துவிட்டார். புயல் ஓயும்வரை பெட்டி கண்ணை மூடிக்கொண்டு கதகதப்பாகத் தூங்கியிருக்கிறது. இந்தக் குளிர்காலத்தின் ஆகச் சிறந்த காற்று கொஞ்சம்கூடப் பதிவாகவில்லை!

அவர்கள் தலைவி டாக்டர் ருலா வந்தாள். நல்ல பெண்தான், ஆனால் அன்று முகம் புளித்த தயிர்போல இருந்தது. "பெரியம்மா, இந்தக் காத்துக்குத்தானே ஒரு வருஷமா காத்துக்கிட்டிருந்தோம்"ன்னாள். சித்தப்பாவோ, "விருந்தாளி ஒப்படைச்ச பொருளைப் பனியில நனைய விட்டுட்டுப் படுத்துத் தூங்குறவன் நான் இல்ல, எங்க வீட்டுல ஆளுக்குப் போர்வை இருக்கோ இல்லையோ விருந்தாளிக்கு உண்டு"ன்னு மார்பை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறார். அதைப் போய் எப்படித் திட்டுவது? அவளோடு வந்தவன் ஒருவன், பெட்டியைத் தெற்கே கொண்டுபோய்விடலாம், காவலுக்கும் வேறு ஆளைப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தான். எனக்கு உன்னையே வண்டியில் ஏற்றித் தெற்கே கொண்டுபோவதுபோல இருந்தது.

உன் அம்மா சாலையோரத்தில் காய்ந்த தயிர் உருண்டை விற்று ஆரம்பித்தவள், பேரத்தில் முகவாட்டத்தைக் காட்டுவேனா. ருலாவைக் கையைப் பிடித்து மேட்டுக்கு அழைத்துப் போனேன். "பெட்டி பார்க்கலைன்னா போகுது, நீ இந்தக் கல்லுங்களப் பாரு, ஹாயில் மூச்சு முட்டத் தூக்கி வெச்ச கல்லு இது. அப்படி ஏத்தியும் கம்பளத்துல ஒரு மூலை கிழிஞ்சிருக்கு, எவ்ளோ காத்துன்னு நீயே சொல்லு"ன்னேன். அவள் சிரித்துவிட்டாள். "கல்லை எல்லாம் அறிக்கையில எழுத முடியாது பெரியம்மா"ன்னாள். சிரித்த ஆளோடு பேசலாம். "பெட்டி வானத்தைப் பார்க்கணும்னு அவர்கிட்ட யாராச்சும் சொன்னீங்களா, கண்ணுபோலப் பார்த்துக்கன்னுதானே சொன்னீங்க"ன்னு கேட்டேன். "சொல்லலை, எங்க தப்புதான்"னாள்.

அவளுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது, இங்கே ஏற்கெனவே சுழலும் காற்றாலைகளால் ஊருக்கு வரும்படி கூடியதா என்று வீடுவீடாகக் கேட்பது. நான் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். காவல் வேலை நமக்கு, பழுதுபார்க்கும் வேலை அம்மான் நகரத்துக்காரர்களுக்கு. "காலையில வண்டியில வராங்க, சாயங்காலம் போயிடுறாங்க, மத்தியானச் சோத்துப் பொட்டலத்தைக்கூட அங்கேர்ந்தே கட்டிட்டு வராங்கம்மா, எங்க ஊர்ல தண்ணிகூட வாங்கிக் குடிக்கிறதில்ல"ன்னேன். வாடகைக்கு நிலம் விட்டவனுக்கு லாபம், மேய்ச்சல் வழி அடைபட்டவனுக்கு நஷ்டம், அதையும் சொன்னேன். பட்டறையில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பாதி இடம் என்று எழுதித் தா என்றேன். அது என் கையில் இல்லை, பொய் வாக்குத் தரமாட்டேன் என்றாள். அதனாலேயே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று. டென்மார்க்கில் இருக்கும் உங்கள் மகள் எங்களோடு வேலை செய்வாளா என்று கேட்டாள். அவளுக்கு வாய் இருக்கிறது, அவளையே கேள் என்று உன் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். அழைத்தால் எடு. எனக்காகச் சரி என்று சொல்லாதே, உனக்குச் சரிப்பட்டால் சொல்.

தூணில் ஏறும்போது இடுப்புக் கயிற்றை இரண்டு முறை இழுத்துப் பார். நான் அனுப்பிய நெய்யைப் பத்திரப்படுத்தி வைக்காதே, சாப்பிடத்தான் அனுப்பினேன். எந்தக் காற்றிலும் உன் கால் தடுமாறாமல் இறைவன் காக்கட்டும், உன் கைக்கு வேலையும் மனதுக்கு நிறைவும் தரட்டும்.

பேரம் முடிந்ததையும் சொல்லிவிடுகிறேன். இடமும் மின்சாரமும் என்னுடையவை, அதற்கு வாடகை கேட்கமாட்டேன். அடுத்த பனிக்காலம் தீரும்வரை பெட்டி நம் மேட்டிலேயே இருக்கும். காவல் உன் சித்தப்பாவுக்கே. ருலாவின் ஆட்கள் மத்தியானம் சாப்பிடுவது நம் ஊர்ப் பெண்கள் சமைத்ததை. அறிக்கை அம்மானுக்குப் போகுமுன் நம் ஊரில் எல்லோர் முன்னும் வாசிக்கப்படும். கம்பளம் என் அறையில், சாவி என் இடுப்பில், நீ வந்து உட்காரும்வரை அது எதற்கும் யாருக்கும் வெளியே வராது.

உன் அம்மா,
ஃபித்தா