ஷரோன் பள்ளிக்கூடம் போகாத வருடம்

2023 செப்டம்பர் 12
இன்றும் ஷரோன் சப்பாத்துப் போடவில்லை. வாசலில் குந்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். ஒன்பது வயதுப் பிள்ளையைத் தூக்கிக் காரில் ஏற்ற எனக்குப் பலமில்லை. அவளின் அப்பா அன்ரனி விடியவே காற்றாலைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டார். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு அழைத்து, வரப் பிந்தும் என்றேன். இந்த மாதம் ஐந்தாவது தடவை.

செப்டம்பர் 28
பள்ளிக்கூடத்தில் கூட்டம். ஓட்டிசம் என்று வைத்தியசாலை தந்த கடிதத்தை மேசையில் வைத்து, சிறப்பு வகுப்பில் இடம் கேட்டேன். அதிபர் சிரித்த முகமாகத்தான் இருந்தார்.
"இங்கே அவள் அமைதியான பிள்ளை. எங்களுக்கு ஒரு பிரச்சினையும் தெரியவில்லை."
வீட்டுக்கு வந்ததும் இரண்டு மணித்தியாலம் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறாளே, அதைச் சொன்னேன். டெனிஷில் சரியாகத்தான் சொன்னேனா? சொன்னேன். அவர் எழுதிக்கொள்ளவில்லை.
"வீட்டில் இரண்டு மொழி. அதனால் குழம்புகிறாளோ? கொஞ்ச நாள் டெனிஷ் மட்டும் பேசிப் பாருங்கள்."

அக்டோபர் 3
"அவையள் படிச்ச ஆக்கள். சொல்லுறதைச் செய்து பாப்பம்" என்கிறார் அன்ரனி. ஓம் என்றேன். இன்று முழுக்க டெனிஷ். முதியோர் இல்லத்தில் கிழவர்களோடு கதைக்கிற அதே குரல். ஷரோன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 20
பள்ளிக்கூடம் எங்களைப் பற்றி நகரசபையான கொம்யூனுக்கு அறிக்கை அனுப்பியிருக்கிறது. பெற்றோர் பிள்ளையை வீட்டில் மறித்து வைத்திருக்கக்கூடுமாம்.
மறிச்சு வச்சிருக்கிறனோ? நானோ? காலமை காலமை அவளின்ரை காலடியில இருந்து கெஞ்சுறது ஆர்?

நவம்பர் 29
கொம்யூனிலிருந்து ஒரு பெண் வந்து வீட்டைப் பார்த்தார். குளிர்ப்பெட்டியையும் திறந்து காட்டினேன். அவர் போன பிறகு ஷரோன் டெனிஷில் கேட்டாள், "அவ என்னைக் கொண்டுபோகவா வந்தவ?"

2024 ஜனவரி 16
கொம்யூன் அனுப்பிய உளவியலாளர் ஒரு மணித்தியாலம் ஷரோனோடு நிலத்தில் இருந்தார். பிறகு எங்களிடம் சொன்னார்: "மொழிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உங்களுக்கு யார் அப்படிச் சொன்னது?"
மூன்றரை மாதம் அவளோடு தமிழே பேசவில்லை.
அன்ரனி குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார். அழுவது எனக்குக் கேட்கக்கூடாதென்று.

பெப்ரவரி 9
சிறப்பு வகுப்பு இல்லை. சாதாரண வகுப்பிலேயே போதிய உதவி கிடைக்கும் என்று கொம்யூனிலிருந்து கடிதம்.

பெப்ரவரி 11
மேன்முறையீடு எழுதினேன். நான் எழுதி முடித்த தாளை அன்ரனி தன் பக்கம் இழுத்தார். "நானும் எழுதுறன், நிஷாந்தி. என்ரை டெனிஷ் பிழைதான். பிழையோட வாசிக்கட்டும்."

மார்ச் 4
வேலையை விட்டுவிட்டேன்.

ஜூன் 18
இடம் கிடைத்துவிட்டது. ஆகஸ்டிலிருந்து சிறப்பு வகுப்பு. ஆறே பிள்ளைகள், டாக்சி வீட்டு வாசலுக்கு வரும். ஸ்கீவ நகரில் இருக்கும் தன் தமக்கை மேரிசெலினுக்கு அன்ரனி உடனே சொன்னார். நான் புது வகுப்பின் படத்தை ஷரோனிடம் காட்டினேன். அவள் அதைக் குப்புற வைத்தாள்.

ஆகஸ்ட் 12
டாக்சி பத்து நிமிடம் நின்றுவிட்டுப் போனது.

ஆகஸ்ட் 30
மூன்று கிழமையாக டாக்சி வெறுமையாகத்தான் திரும்புகிறது. புது ஆசிரியை லோனே தொலைபேசியில், "ஒரு வருடம் முந்தி வந்திருந்தால்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டா. டாக்சியை நிறுத்தச் சொன்னேன். வியாழக்கிழமைகளில் தானே வீட்டுக்கு வருவதாகச் சொன்னா.

செப்டம்பர் 5
லோனே வந்தா. ஷரோனின் அறைக்கு வெளியே நிலத்தில் இருந்து நாற்பது நிமிடம் குதிரைகளைப் பற்றி ஒரு புத்தகம் வாசித்தா. கதவு திறக்கவில்லை. கோபிக்காமல் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் போனா.
அவ இருந்த இடத்தில் நான் போய் இருந்தேன். மரக்கதவுக்கு அந்தப் பக்கம், என் முதுகுக்கு நேரே, மூச்சுக் கேட்டது. கதவோடு சாய்ந்துதான் இருந்திருக்கிறாள்.