பெருமையில் சொன்ன பதில்

என் வீம்புக்காரப் பேத்திக்கு,

உன் பாட்டி ஆசிகளோடு எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். நீ சுகமா என்று கேட்கப் பதினொரு நாளாகப் போன் அடித்து என் விரல் ஓய்ந்துவிட்டது. நீ எடுத்தால்தானே! விடுதிக்குக் கடிதம் வந்தால் பிரிக்காமல் இருக்க உனக்கு மனசு வராது என்றுதான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்பு எழுத்து, பொறுத்துப் படி.

வேண்டுமென்றே உன் காலை வாரிவிட்டேன் என்று சொல்லிப் போனை வைத்தாயே, அது எனக்கு ஆறவேயில்லை. நடந்ததை முழுசாகக் கேட்டாயா?

அன்று உன் அப்பா வேலைக்குப் போயிருந்தான், அம்மா தையல் கடையில். அந்தத் தொண்டு நிறுவனத்து அம்மா போன் செய்தார். போர் நின்ற நாட்டில் வீடு திரும்பும் சனங்களுக்கு உதவ ஆறு மாதத்துக்கு நாலு மாணவர்களை அனுப்புகிறோம், இருநூறு பேரில் உங்கள் பேத்தி தேறியிருக்கிறாள் என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "அங்க திடீர்னு ஏதாவது ஆச்சுன்னா பதறாம இருப்பாங்களா?" என்று கேட்டார். "பதறுறதா? அவளா?" என்று ஆரம்பித்தேன். நம் தெருமுனையில் இரண்டு லாரிக்காரர்கள் கையில் இரும்புக் கம்பியோடு சண்டை போட்டபோது நீ நடுவில் போய் நின்றதைச் சொன்னேன். போகாதடி என்று நான் கத்தியும் நீ காதில் வாங்காததைச் சொன்னேன். "யார் சொன்னாலும் கேக்க மாட்டாங்களா?" என்றார். "அவ யார் சொல்லக் கேட்டிருக்கா!" என்று சிரித்தேன். அந்தப் பக்கம் பேனா ஓடும் சத்தம் கேட்டது. உன் புகழை எழுதிக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

அது "விதிகளுக்குக் கட்டுப்படாதவர்" என்று ஆகி, உன் இடத்தை நிறுத்திவைப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்தச் செய்தி வந்த அன்று நன்றாகத் தூங்கினேனா என்று மட்டும் கேட்காதே.

நான் சும்மா இருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை இரண்டு பஸ் மாறி அவர்கள் அலுவலகத்துக்கே போனேன். கீழே கேட்டால் மேல்மாடி என்றார்கள், மேல்மாடியில் கேட்டால் மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார்கள். ஆளே எதிரில் நிற்கிறேன், மின்னஞ்சல் எதற்கு? "அப்பாயின்ட்மென்ட் வாங்கினீங்களா?" என்று வரவேற்பில் இருந்த பெண் மூன்று தடவை கேட்டாள். "வாங்கல, இங்கயே உக்காந்து வாங்கிக்கிறேன்" என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வந்தபிறகு மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள்.

நீ சண்டைக்கு நடுவில் போகுமுன் போலீசுக்குப் போன் போட்டதையும், பிள்ளைகளைக் கடைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியதையும் அந்த அம்மாவிடம் சொன்னேன். "அன்னைக்கு இதச் சொல்லவே இல்லையேம்மா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பெருமை பேசும்போது அதெல்லாம் யாருக்கு ஞாபகம் வரும், சொல்.

பிறகு அவர் மெதுவாக ஒன்று சொன்னார். துப்பாக்கிச் சத்தம் கேட்டால் நின்ற இடத்திலேயே படுக்க வேண்டும், அது அங்கே விதியாம். இரண்டு வருஷத்துக்கு முன் போன ஒரு மாணவி, ஒரு குழந்தையைத் தூக்க ஓடினாளாம். இன்றைக்கும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறாளாம். "தைரியசாலிங்களாலதாம்மா எனக்குத் தூக்கம் போச்சு" என்றார்.

வரும் புதன்கிழமை பத்து மணிக்கு உன்னைத் திரும்ப விசாரிப்பார்கள். மற்ற மூன்று பேருக்கும் டிக்கெட் போட்டாயிற்றாம், உன் இடம் அன்றைக்குத்தான் முடிவாகும். துப்பாக்கிச் சத்தம் கேட்டால் என்ன செய்வாய் என்பார்கள். படுத்துவிடுவேன் என்று சொல். இடம் கிடைப்பதற்காகச் சொல்லிவிட்டு, அங்கே போய் உன் குணத்தைக் காட்டாதே. நிஜமாகவே படு. குழந்தை அழுதாலுமா பாட்டி என்று கேட்பாய். நீ படு.

போன காலோடு நீ திரும்பி நடந்து வர வேண்டிக்கொண்டிருக்கும்,
உன் பாட்டி