மெஹக்கோடு பார்த்த கொரியப் படம்

லோதி ரோடு. ஞாயிறு இரவு.

கீழ் வீட்டு வசந்தி இன்று அந்தக் கொரியப் படத்தை ஆபீஸ் தோழி மெஹக்கோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். என்னைக் கூப்பிடவில்லை. அதன் ஜப்பானிய அனிமேஷன் அசலைப் போன வருஷம் அவளுக்குக் காட்டியதே நான்தான். நிறுத்தி நிறுத்தி சப்டைட்டிலைத் தமிழில் சொன்னேன். சனங்களைச் சுவருக்குள் பூட்டிவைத்த நகரம், அதில் ஒரு சிறுமி. வசந்தி கண்கலங்கவும், முடிவதற்குள் லேப்டாப்பை மூடிவிட்டு, சிறுமி தப்பித்துவிட்டதாகப் பொய் சொல்லிவிட்டேன்.

"கொரியாக்காரங்க முடிவ மாத்திட்டாங்கக்கா. பொண்ணு செத்துடுறா. எனக்கு ஒரே அழுகை. மெஹக்தான் கையப் பிடிச்சுக்கிட்டே இருந்தா."

"அச்சா," என்றேன்.

அந்தக் கையை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது. நான் அவளை அழவே விடவில்லையே. மெஹக்குக்குத் தமிழில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது.