இளநீரில் கரைந்திருந்தது

இன்று பள்ளி ஆய்வகத்தில் சாமான்களைச் சரிபார்த்தார்கள். ஒரு பீக்கர் குறைந்தது. உடைந்துவிட்டதென்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வந்தேன். அது என் சமையலறை அலமாரியில் முழுதாக இருக்கிறது. உனக்குத் தண்ணீர் அளந்த பீக்கர், தம்பி.

சிறுநீரகம் இரண்டும் போன பிறகு, டயாலிசிஸுக்குப் பக்கம் என்று நீயும் உன் பெண்டாட்டியும் நம்ம ஊர் பரளச்சியை விட்டு அருப்புக்கோட்டையில் என் வீட்டுக்கே வந்துவிட்டீர்கள். நாளைக்கு முக்கால் லிட்டர்தான் தண்ணீர். மானாவாரிக் காட்டு வெயிலில் செம்பு செம்பாகக் குடித்து வளர்ந்தவன் நீ. நான் கோடு பார்த்து ஊற்றுவேன்.

"ஏக்கா, ஒரு சொட்டு கூடுனா பெயிலாக்கிருவியோ?" என்று சிரிப்பாய்.

என்னென்ன சாப்பிடக்கூடாது என்று ஒரு நர்ஸ் தாள் கொடுத்திருந்தாள். உன் பெண்டாட்டி அதை என்னிடம் நீட்டினாள். நாலு வரி பார்த்துவிட்டு மடித்து வைத்தேன். கெமிஸ்ட்ரி டீச்சருக்கு நர்ஸ் பாடம் எடுப்பதா? அந்தத் திமிரை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

சித்திரை வெயிலில் ஒரு நாள் வீரசோழன் கிராமத்திலிருந்து உன் கூட்டாளி இரண்டு இளநீரோடு வந்தார். நீ வாயில் வைக்கவில்லை. என்னைப் பார்த்தாய்.

"குடிக்கலாமாக்கா? ஒனக்குத்தான் தெரியும்."

இரண்டையும் பீக்கரில் ஊற்றி அளந்தேன். நானூறு மில்லி. "குடி. இன்னைக்குத் தண்ணியில கழிச்சுக்கிறேன்" என்றேன். எத்தனை மில்லி என்று பார்த்தேனே தவிர, அதில் என்ன கரைந்திருக்கிறது என்று யோசிக்கவில்லை. பொட்டாசியம். செல்லுக்குள் பொட்டாசியம், வெளியே சோடியம், அந்த ஏற்றத்தாழ்வில்தான் இதயம் துடிக்கிறது என்று வருஷா வருஷம் கரும்பலகையில் வரைகிறவள் நான். மிஞ்சும் பொட்டாசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம் என்று படித்துப் படித்துச் சொல்கிறவளும் நான்தான். உனக்கு அது இல்லை என்பது அந்த நேரம் பார்த்து என் மண்டையில் உறைக்கவில்லை.

மறுநாள் காலை, கால் எழும்பவில்லை என்றாய். அன்றைக்குத்தான் டயாலிசிஸ். ஆட்டோ மருத்துவமனைக்குப் போய்ச் சேருமுன்பே உன் இதயம் நின்றுவிட்டது.

நேற்று என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். சொன்னேன்.

"இளநீரா? தாள்ல எழுதியிருந்துச்சேம்மா. படிச்சவங்க மாதிரி இருக்கீங்க, என்ன வேலை பாக்குறீங்க?"

"டீச்சர்."

"என்ன பாடம்?"

"தமிழ்" என்றேன்.

உன் பெண்டாட்டி வெளியே தரையில் கிடந்து அழுதுகொண்டிருந்தாள். அவள் காதில் இது எதுவும் விழவில்லை.

அவள் இன்னும் என்னோடுதான் இருக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "மதினி மட்டும் இல்லேன்னா அவுக அம்புட்டு நாளுகூட இருந்திருக்க மாட்டாக" என்கிறாள். சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். நான் கையை உருவிக்கொள்வதில்லை, தம்பி. அதற்குக்கூட எனக்குத் தைரியமில்லை.