பதில் சொல்லாத ஸலாம்

ஒக்டோபர் 6, திங்கள்

வெயில். காலை எட்டு மணிக்கே முதுகு நனைந்துவிட்டது. மேகம் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகிறது, மழையைக் காணோம்.

சுபஹு தொழுதுவிட்டுப் போனைத் திறந்தால் தாய்மார் குரூப்பில் 117. நூற்றிப் பதினேழு! கல்முனைக்குடியில் என் பிரிவில் உள்ள கர்ப்பிணிகளுக்குக் கிளினிக் திகதி சொல்லவென்று நானே தொடங்கிய வட்ஸ்அப் குரூப். என் தலையில் நானே மண் அள்ளிப் போட்டுக்கொண்டேன். இருபத்திரண்டு வருடம் மிட்வைப் வேலை. இதற்கு முன் இந்தத் தொல்லை இருந்ததில்லை.

எண்ணிப் பார்த்தேன் (பைத்தியம்தான்):

ஸலாம் – 38
அந்த ஸலாம்களுக்குப் பதில் – 51
ரோசாப்பூ, சூரியன், தேநீர்க் கோப்பை – 14
அபாயா விற்பனைப் படம் – 6
"பத்துப் பேருக்கு அனுப்புங்கள்" துஆ – 5
தலைகீழாக ஒரு ஸ்கேன் படம், பெயரில்லை, கேள்வியும் இல்லை – 1
பௌசியா மாமியின் வொய்ஸ், 4 நிமிடம் 12 செக்கன் – 1
கிளினிக் பற்றிய கேள்வி – 1. "இண்டைக்குக் கிளினிக் இருக்கா மிஸ்?" நேற்று மாலையே போட்டிருந்தேன், நாளை கிளினிக் உண்டு என்று. அது எங்கோ ரோசாப்பூவுக்கு அடியில்.

பௌசியா மாமி கர்ப்பிணி அல்ல. வயது ஐம்பத்தெட்டு. மகள் சிபானாவுக்கு ஐந்து மாதம். போன் மகளுடையது, ஆட்சி மாமியுடையது. வொய்ஸைக் கேட்டேன். சேவல் கூவுகிறது. மீன்காரனோடு சண்டை. "இது நேத்தையான் சூடை தம்பி, எனக்கா காட்டுறாய்?" கடைசிப் பத்து செக்கனில்தான் விஷயம்: "மகள்ற கால் வீங்கின மாதிரிக் கிடக்கு மிஸ்."

கிளினிக்கில் கூட்டம். றிஸ்னா வந்தாள். முதல் பிள்ளை, எட்டு மாதம் முடிந்துவிட்டது. உம்மா குவைத்தில் வேலை, கணவன் ஆழ்கடல் மீன்பிடி போட்டில், போனால் பத்து நாள் பேச்சுமூச்சு இல்லை. வீட்டில் ஏஎல் பரீட்சைக்குப் படிக்கும் தங்கச்சி மட்டும். முந்திக்கொள்ளத் தெரியாத பிள்ளை. மூன்று பேரைத் தனக்கு முன்னால் விட்டுவிட்டுக் கடைசியாக வந்து உட்கார்ந்தாள்.

பிள்ளையின் அசைவை எண்ணச் சொன்னேன். குறைந்தால் தாமதிக்கக் கூடாது என்றேன். தலையாட்டினாள்.

இவளும் போனில் ஒரு தொல்லைதான், வேறு மாதிரி. போன வாரம் நடந்தது:
"அஸ்ஸலாமு அலைக்கும் மிஸ்." (நான் பதில் சொல்லும்வரை மௌனம்.)
"சுகமா மிஸ்?" (மௌனம்.)
"ஒண்டு கேக்கலாமா மிஸ்?" (மௌனம்.)
"மாங்கா தின்னலாமா?"
ஒரு மாங்காய்க்கு ஒரு மணித்தியாலம்.

7, செவ்வாய்

இடி மட்டும். மழை இல்லை.

வீடு வீடாகப் போய் வந்து குளித்துவிட்டு, குரூப்புக்கு ஒழுங்குவிதி எழுத உட்கார்ந்தேன்.

1. பூ, சூரியன், விளம்பரம் வேண்டாம்.
2. சொந்த விஷயத்தைக் குரூப்பில் போட வேண்டாம். எனக்குத் தனியாக எழுதவும்.
3. அவசரம் இல்லாமல் கோல் எடுக்க வேண்டாம்.
4. வொய்ஸ் ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.
5. ஸலாம் மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். விஷயத்தையும் அதோடு சேர்த்தே எழுதவும்.

இவரிடம், என் கணவரிடம், காட்டினேன். பாடசாலையில் இஸ்லாம் படிப்பிக்கும் மனிதர். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார்.

"அஞ்சாவத எடுங்க."
"ஏன்?"
"ஸலாத்துக்குச் சட்டம் போடுறதா? ஊர் என்ன கதைக்கும்? ஸலாம் சொல்லுறது சுன்னத்து, சொன்னா நன்மை. பதில் சொல்லுறது பர்ளு, கட்டாயக் கடமை. தெரியாதா உங்களுக்கு?"
"தெரியும். ஒரு நாளைக்கு முப்பத்தெட்டு பர்ளு எனக்கு ஏலாது."
"கூட்டத்துல ஒராள் பதில் சொன்னாப் போதும், எல்லாற்ற கடமையும் நீங்கிடும். அத வேணுமெண்டாப் போடுங்க."

ஐந்தாவதை எடுத்தேன். அவர் சொன்னதைப் போட்டேன். அனுப்பிவிட்டேன்.

ஆனால் மனதுக்குள் ஐந்தாவது அப்படியே இருக்கிறது. வெறும் ஸலாத்துக்கு இனித் தனியாகப் பதில் எழுதப் போவதில்லை. வாயால் சொல்லிவிட்டால் அல்லாஹ்விடம் கணக்குத் தீர்ந்தது. விஷயம் இருப்பவர்கள் எழுதுவார்கள்.

8, புதன்

ஒருவர் சொன்னால் போதும் என்ற செய்திக்கு 41 பேர் "ஜஸாகல்லாஹு ஹைரா" என்று நன்றி, தனித்தனியாக. அதற்கு ஏழு பேர் பதில் துஆ. சிரிப்பதா சுவரில் முட்டிக்கொள்வதா?

பத்து மணிக்கு பௌசியா மாமியின் வொய்ஸ். சரியாக 59 செக்கன், விதி 4இன்படி. "மிஸ்ஸுக்குப் பெரும வந்துட்டு. ஆளாளுக்குச் சட்டம். மரியாத தெரியாத இடத்துல நமக்கென்ன வேல?" பிறகு குரூப்பை விட்டு வெளியேறினார். போன் மகளுடையது என்பதால் கர்ப்பிணியும் சேர்ந்து வெளியேறிவிட்டாள்.

பேக்கரியில் பாண் வாங்கும்போது பின்னால் இரண்டு பேர்: "நீல டிக் விழுகுது, பாக்கிறா, பதில் இல்ல." "அவவுக்கு இப்ப ஸலாம் கூடப் பாரமாம்."

திரும்பிப் பார்க்கவில்லை. பாணையும் மறந்துவிட்டு வந்துவிட்டேன். திரும்பப் போக வெட்கம். இரவுக்குப் புட்டு.

தனியாக வந்த வெறும் ஸலாம் இன்று 11. ஒன்றுக்கும் எழுதவில்லை. முதலில் குற்றமாக இருந்தது, அசர் தொழுகைக்குப் பிறகு பழகிவிட்டது.

9, வியாழன்

அடைமழை ஒரு மணித்தியாலம். கொடியில் உடுப்பு எல்லாம் நனைந்து போயிற்று.

மழை விட்டதும் ஸ்கூட்டியில் மாமி வீட்டுக்கு. சிபானாவின் கால் பார்க்க வேண்டும், குரூப்பில்தான் இல்லையே. மாமி முகம் கொடுக்கவில்லை. ஆனால் இஞ்சி போட்டுப் பிளேன்டி வந்தது. பிரஷர் சரி, வீக்கம் சாதாரணம். "கால உயத்தி வெச்சிப் படுங்க மகள்" என்றேன். "நான் சொன்னா எங்க கேக்காள்" என்று மாமி சுவரைப் பார்த்துச் சொன்னார்.

பக்கத்து வளவு றிஸ்னாவுடையது. வேலியருகில் நின்றாள்.
"என்ன புள்ள, சுகமா?"
"ஓம் மிஸ். நீங்க சுகமா?"
ஏதோ கேட்க வாயெடுத்தவள் போல இருந்தது. நான் ஸ்கூட்டியை ஸ்டார்ட் செய்துவிட்டேன். இன்னும் நாலு வீடு பாக்கி.

வெறும் ஸலாம் 9. பதில் 0. நிம்மதி என்றுதான் சொல்ல வேண்டும்.

10, வெள்ளி, பகல்

மப்பு வானம். காற்றே இல்லை.

குரூப்பில் ஜும்ஆ முபாரக் வாழ்த்து மழை. விதி 1 போட்டு மூன்று நாள்தான். தங்க எழுத்து, மினாரா, புறா. புறா எதற்கு?

தனியாக வந்தவை ஆறு. எல்லாம் வெறும் ஸலாம். முதலாவது றிஸ்னா, 6.52க்கு. பார்த்தேன், வைத்துவிட்டேன். 11.30க்குத் திரும்ப: "மிஸ் பிஸியா?" மீன் வெட்டிக்கொண்டிருந்தேன், கையெல்லாம் செதில். போன முறை மாங்காய், இந்த முறை அன்னாசியாக இருக்கும். விஷயம் இருந்தால் எழுதட்டுமே. விரல் இருக்கிறது, போன் இருக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்கு நேரே விஷயத்துக்கு வரத் தெரியாது. யாராவது பழக்கத்தானே வேண்டும்.

இவர் ஜும்ஆவுக்குப் போய்விட்டார். பாரைக் குழம்பு. புளி கொஞ்சம் கூடிவிட்டது.

வெள்ளி மாலை, மஃரிப் தொழுகைக்குப் பிறகு

இன்னும் உடுப்புக்கூட மாற்றவில்லை. ஆனாலும் எழுதிவைக்க வேண்டும்.

மூன்றேகாலுக்கு பௌசியா மாமியின் கோல். வெட்டிவிட்டேன். திரும்ப. திரும்ப வெட்டினேன். மூன்றாம் தரம், நன்றாக ஏச்சுக் கொடுக்க வேண்டும் என்றுதான் எடுத்தேன். விதி 3 என்று வாய் திறப்பதற்குள்,

"எங்க கிடக்கீங்க மிஸ்! றிஸ்னாவ ஓட்டோல ஏத்திட்டன். காலையில இருந்து வயித்துல புள்ள அசையல்லயாம். போனப் பாத்துக்கிட்டுக் குந்திக்கிட்டிருக்காள் மிஸ்! ஆஸ்பத்திரிக்குக் கெதியா வாங்க!"

ஸலாம் இல்லை, சுகம் இல்லை, ஒன்றும் இல்லை. மாமி வேலிப் பொட்டால் புகுந்து அடுப்படி வழியாக உள்ளே போயிருக்கிறார், சும்மா, கதைக்க. கேட்காமல் கொள்ளாமல் உள்ளே போவது அவர் வழக்கம். அதைப் பற்றி நானே எத்தனை தரம் முகம் சுளித்திருக்கிறேன்.

நான் போகும்போது றிஸ்னாவை உள்ளே எடுத்துவிட்டார்கள். பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு விழுந்துகொண்டிருந்ததாம். ஒப்பரேஷன். மாமியும் நானும் ஒரே வாங்கில் உட்கார்ந்திருந்தோம். மாமி தஸ்பீஹ் ஓதினார். எனக்கு ஓதவும் வரவில்லை. கையில் போன். அதில் 6.52.

ஐந்து மணிக்குச் சொன்னார்கள். பெண் பிள்ளை. உயிரோடு. சிறிது, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று டொக்டர் தொடங்கினார். முடிக்கவில்லை.

அல்லாட காவல். அல்லாட காவல்.

11, சனி

வெயிலா மழையா, கவனிக்கவில்லை.

இவரிடம் எல்லாம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "கூட்டத்துல வந்த ஸலாத்துக்கு ஆராவது ஒராள் சொல்லுவார். தனியா வந்ததுக்கு நீங்க மட்டுந்தானே இருந்தீங்க." அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

மாலை ஆஸ்பத்திரி. றிஸ்னா என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள், தையலோடு. தோளைப் பிடித்துப் படுக்க வைத்தேன். பிள்ளை காலையில் நன்றாக அழுததாம். பிள்ளையின் வாப்பாவுக்கு இன்னும் தெரியாது, போட் கரைக்கு வரவில்லை.

கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏன் புள்ள, விஷயத்த எழுதியிருக்கலாமே?"
"நீங்க ஸலாத்துக்குப் பதில் தரல்லயே மிஸ். பதில் வராம எப்பிடி மத்தக் கதையத் தொடங்குற? பிஸி போல எண்டு நினைச்சன்."
"கோல் எடுத்திருக்கலாமே?"
"அவசரம் எண்டாத்தானே எடுக்கச் சொன்னீங்க." கொஞ்சம் யோசித்தாள். "அவசரமா இல்லையா எண்டு எனக்குத் தெரியல்ல மிஸ். அதத்தான் உங்களுக்கிட்டக் கேக்க இருந்தன்."

குற்றம் சொல்லும் குரலே இல்லை. மாங்காய் பற்றிக் கேட்ட அதே குரல்.

பிறகு, "உங்களுக்கும் கரச்சல் தந்துட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்க மிஸ்" என்றாள். என்னிடம். அவள் என்னிடம்.

போர்வையை இழுத்து அவள் காலை மூடிவிட்டேன். வெளியே வந்து ஸ்கூட்டிச் சாவியைத் தேடித் தேடி, அது கையிலேயே இருந்தது.

12, ஞாயிறு

சிறு தூறல். வாசலில் தண்ணீர்.

காலை குரூப்பில் எழுதினேன்: "விதிகள் எல்லாம் ரத்து. ஒன்றே ஒன்று. வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைந்தது போல ஒரு சந்தேகம் வந்தாலே நேரே ஆஸ்பத்திரிக்கு. போகிற வழியில் எனக்குக் கோல். ஸலாமும் வேண்டாம், சுகமும் வேண்டாம், பிறகு சொல்லிக்கொள்ளலாம். அது அவசரமா என்று நீங்கள் யோசிக்கத் தேவையில்லை. அதைப் பார்க்கத்தான் நாங்கள் இருக்கிறோம்."

இவரிடம் காட்டவில்லை. கேட்கவும் இல்லை.

பதிலாக வந்தவை: ஸலாம் 29, பூ 8, "விதி எல்லாம் ரத்தா மிஸ், அப்ப அபாயா போடலாமா?" 1.

சிபானாவின் நம்பரைத் திரும்பச் சேர்த்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, மாமியின் வொய்ஸ். ஆறு நிமிடம் 40. முழுதாகக் கேட்டேன். சேவல், மீன்காரன், பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்குச் சோறு கொண்டுபோன கதை, ஐந்தாவது நிமிடத்தில் மகளின் கால் வீக்கம் வடிந்த செய்தி. கடைசியில், "மிஸ், நீங்களும் நேரத்துக்குத் தின்னுங்க." எரிச்சல் வரத்தான் செய்தது. பொய் சொல்லக் கூடாது. வந்தது, ஆனால் இருந்து கேட்டேன்.

பிறகு றிஸ்னாவுடைய பக்கத்தைத் திறந்தேன். வெள்ளி 6.52. அஸ்ஸலாமு அலைக்கும் மிஸ். 11.30. மிஸ் பிஸியா. அதற்குக் கீழே வெறுமை. இரண்டு நாள் பிந்தி, ஒவ்வோர் எழுத்தாக எழுதினேன்: வஅலைக்குமுஸ்ஸலாம் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

உடனே நீலம்.

"சுகமா மிஸ்?"
"சுகம் மகள்."
"ஒண்டு கேக்கலாமா மிஸ்?"
"கேளுங்க."

எழுதுகிறாள் என்று காட்டுகிறது. நிற்கிறது. திரும்ப எழுதுகிறாள். அடுப்படியில் சோறு அடிப்பிடிக்கும் மணம். இவர் கூப்பிடுகிறார். பிடிக்கட்டும். அவள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறாள்.