அந்தப் பந்தை எனக்குக் கொடுத்தாய்

இன்று காலை வேலைக்குப் போகும் பேருந்தில், பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண் முழங்காலுக்கு வலி ஸ்ப்ரே அடித்திருந்தாள். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளின் பின்னால் பேருந்து ஊர்ந்துகொண்டிருந்தது. ஜன்னலில் அடித்த கடற்காற்றையும் மீறி அந்த வாடை மூக்கில் ஏறியது. நீ பக்கத்தில் உட்கார்ந்து ஷூ லேசை இழுத்துக் கட்டுவதுபோல் இருந்தது. நான் ஆட்டத்தை விட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. முடிந்தபோது ஆடுகிறேன். வயது ஏறியதில் குதிப்பதுதான் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

கல்லூரி பாஸ்கெட்பால் அணியில் என்னை உயரத்துக்காக மட்டுமே சேர்த்தார்கள். ரிங்குக்குக் கீழே நின்றால் போதும் என்றார்கள். நீ என் தோளுக்கும் கீழே இருந்தாய். பந்தைத் தட்டிக்கொண்டு வரும் கார்டு நீதான். உன் வேகத்துக்கு யாராலும் ஓட முடியாது. ஆனால் ரிங்கை நெருங்கியதும் எதிரணி நெட்டைகள் கையை உயர்த்தி உன் பந்தைத் தட்டிவிடுவார்கள்.

ஒரு நாள் வாட்ச்மேனிடம் ஒட்டடைக் கம்பு கேட்டு வாங்கி வந்தாய்.

"நெட்ட, இத்த தூக்கிப் புடிச்சிக்கினு என் எதிர்ல நில்லு. நான் வரசொல்லோ எறக்கிடாத."

ஆரம்பத்தில் ஒவ்வொரு பந்தும் கம்பில் மோதி, ஒட்டடை நம் இருவர் தலையிலும் உதிர்ந்தது. பிறகு வழக்கத்துக்கு ஓர் அடி முன்பே எம்பி, பந்தை மெதுவாக மேலே ஏவப் பழகினாய். கம்பைத் தாண்டிப் போய் வலைக்குள் சத்தமில்லாமல் விழுந்தது. அடுத்து இடது கை. டீ கிளாஸைக்கூட இடது கையில் பிடித்து, சுடிதாரெல்லாம் டீ ஆக்கிக்கொண்டாய்.

எனக்கு உன் கைகளைவிடக் கண்கள்தான் ஆச்சரியம். நாங்களெல்லாம் என்ன செய்வது என்று தீர்மானித்துவிட்டுக் குதிப்போம். நீ குதித்த பிறகுதான் தீர்மானிப்பாய். "முன்னாடியே முடிவு பண்ணிட்டா எதிர்ல கீறவளுக்கும் தெரிஞ்சிடும்டி" என்பாய்.

இரண்டாம் ஆண்டில் அந்த அரையிறுதி. மாநில அணிக்கு ஆள் எடுப்பவர்கள் உன்னைப் பார்க்கவே வந்திருந்தார்கள். ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம், நேரம் முடியப்போகிறது. நீ உள்ளே புகுந்தாய். இரண்டு பேர் உன் மேல் பாய்ந்தார்கள். இடது பக்கம் சின்ன இடைவெளி இருந்தது, நீ முயன்றிருக்கலாம். ஆனால் பந்து என் கைக்கு வந்தது. என்னைச் சுற்றி யாருமே இல்லை. எறிந்தேன். ரிங்கைச் சுற்றி வந்து வெளியே விழுந்தது. விசில் ஊதிவிட்டார்கள்.

"அந்தப் பொண்ணே போட்டிருக்கணும்" என்று தேர்வாளர் ஒருவர் நமக்குக் கேட்கும்படியே சொன்னார். அந்த வருடம் உன்னை எடுக்கவில்லை.

எர்ணாவூருக்கு ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது கேட்டேன். "ஏன்டி எனக்குக் குடுத்த?"

"ரெண்டு பேரு என் மேல ஏறிக்கினாங்க. உன்னாண்ட ஒருத்தியும் இல்ல. வேற யாருக்குக் குடுக்கறது?"

"நான் விட்டுட்டேனே."

"வுட்ட. அதுக்கு இன்னா இப்ப? நாளைக்கும் ரெண்டு பேரு வந்தா நாளைக்கும் உனக்குத்தான்."

ஆறுதலுக்காக நீ அதைச் சொல்லவில்லை. வேர்க்கடலைத் தோலை ஊதிக்கொண்டே, மணி கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோல் சொன்னாய்.

மறு வருடம் அதே அணி, அதே கடைசி நிமிடம். இரண்டு பேர் வந்தார்கள். நீ என்னைப் பார்த்தாய். பழசை மறக்காத ஒருத்தி சட்டென்று என் பக்கம் திரும்பினாள். நீ இடது கையால் பந்தை அவள் தலைக்கு மேலே ஏவினாய். ஜெயித்தோம். உன்னை மாநில முகாமுக்கு எடுத்தார்கள்.

முகாமுக்குக் கிளம்பும் முன் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். "கேம்ப்புக்குள்ள சரியாயிடும்ல?" என்று கட்டிலில் படுத்தபடி கேட்டாய். ஆகிவிடும் என்றேன், அப்படித்தான் நம்பினேன். அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டாய்.

உன் அம்மா இன்னும் இறால் கம்பெனிக்குப் போகிறார். ஆட்ட நாட்களில் அவருக்கு லீவு கிடைத்ததே இல்லை. நீ ஆடி ஒரு தடவைகூட அவர் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் உன் வீட்டுக்குப் போனால், காய் நறுக்கிக்கொண்டே, "ஒரு மேட்ச்ச சொல்லு கண்ணு" என்பார். தரையில் தக்காளிகளைப் பரப்பி எதிரணியாக்குவேன். உருளைக்கிழங்கு நான். சின்ன வெங்காயம் நீ. வெங்காயம் நகரும் பக்கமெல்லாம் அவர் கண்ணும் போகும்.

போன வாரம் கேட்டார். "அவ ஜெயிச்ச மேட்ச்சு கீதே. நீ எப்பவும் தோத்ததயே சொல்றியே, ஏன்?"

"அதுலதாம்மா அவ ரொம்ப நல்லா ஆடுனா."

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, வெங்காயத்தை எடுத்து ஆரம்பித்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

"இன்னொரு வாட்டி சொல்லு."