ஆறாவது பெண்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எங்கள் இருவர் உடம்புக்கும் ஒரு குறையுமில்லை, உனக்கும் மாப்பிள்ளைக்கும் அப்படியே இருக்க வேண்டும். மனசைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஃபோனில் சொல்ல இரண்டு தடவை முயன்றேன், நீ "என்னப்பா" என்றதும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். நாற்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன், நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கெல்லாம் வெளியிலிருந்து தைரியம் சொன்னவன், எனக்கென்று வந்தபோது வாய் எழவில்லை. அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள், இப்போது பரவாயில்லை, என்னைத் திட்டுகிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது.

வேலைக்குப் போகும்போது ரயிலில் நீ கேட்கிற அந்தப் பாட்காஸ்ட், தையல் ஃபேக்டரிப் பெண்களைக் கொன்றவனைப் பற்றியது, அதன் நான்காவது பகுதியைக் கேட்டுவிட்டு அம்மாவிடம் சொன்னாயாம். அவன் பட்டறைக்குப் பின்னால் இருந்த பழைய தண்ணீர்த் தொட்டியில் ஆறு பேரின் எலும்புகள் கிடைத்தன, ஐந்து பேருக்குத்தான் பெயர் தெரிந்தது, ஆறாவது பெண்ணின் இடது மணிக்கட்டில் ஒரு ஸ்டீல் தகடு இருந்தது, "பாவம்மா, அவளைத் தேட ஒருத்தர்கூடவா இல்ல?" என்று கேட்டாயாம். அம்மா அப்போது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஃபோனை வைத்துவிட்டு என்னிடம் வந்து, "உங்க தங்கச்சி கையில தகடு வெச்சது எந்தக் கை?" என்றாள். இடது கை. பன்னிரண்டு வயதில் என் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போனபோது விழுந்தாள், ஓட்டியவன் நான்.

உன் அத்தை யாரையோ கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள், நம் சகவாசமே வேண்டாம் என்றுவிட்டாள் என்றுதானே உனக்குச் சொல்லி வளர்த்தோம். அம்மாடி, அது பொய். பொய் என்று தெரிந்து சொன்ன பொய் இல்லை, ஆனால் அதைக் கட்டியவன் நான். அப்போது உனக்கு நாலு வயது, அவளுக்கு இருபத்துநாலு. அந்த ஃபேக்டரியில் காலர் தைக்கிற பிரிவில் இருந்தாள். வேலையை விட்டுவிட்டுத் தனியாக ஓர் அறை எடுத்து, சொந்தமாக மெஷின் போட்டுத் தைக்கப் போகிறேன் என்றாள், பழைய மெஷின் ஒன்று வாங்கித் தர ஆள் இருக்கிறது என்றாள். யார் அந்த ஆள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கல்யாணமாகாத பெண்ணுக்குத் தனி அறை எதற்கு என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். அப்படியானால் சொல்லாமல் போய்விடுவேன் என்று அவளும் பதிலுக்குக் கத்தினாள். பத்து நாள் கழித்து வேலைக்குப் போனவள் திரும்பவில்லை. மூன்றாம் நாள்தான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே இருந்தவர் முதலில் கேட்டது, யாரோடு போனாள் என்று. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அவமானம் வேறு. வீட்டை விட்டுப் போவதாக ஏற்கெனவே சொல்லியிருந்தாள், தன் விருப்பத்தில்தான் போனாள் என்று சொன்னேன். அப்படியே எழுதினார்கள், கையெழுத்துப் போட்டேன், அத்தோடு தேடுவது நின்றது.

அதற்கப்புறம் நடந்ததை எழுதக் கை கூசுகிறது. மூன்று வாரம் கழித்து ஃபேக்டரியின் மெக்கானிக் நம் வீட்டுக்கு வந்தான், அம்மாவின் மெஷினுக்கு பெல்ட் மாற்ற. மெஷின்காரர் என்று எல்லோரும் மரியாதையாகக் கூப்பிடுகிற ஆள், குனிந்த தலை நிமிராதவன். டீ கொடுத்தேன். "தங்கச்சி லெட்டர் ஏதும் போட்டாங்களா சார்?" என்று கேட்டான். இல்லை என்றேன். "பொண்ணுங்க மனசு அப்படித்தான் சார்" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனான். ஒன்பது வருஷம் கழித்து அவன் பிடிபட்டபோது பேப்பரில் படம் பார்த்தேன். மெஷின் வாங்கித் தர இருந்த ஆள் இவன்தானோ என்று தோன்றியது. உடனே பேப்பரை மடித்துவிட்டேன், ஓடிப்போனவள் எங்கேயோ நன்றாக இருக்கட்டும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். காணவில்லை என்ற புகாரே இல்லாததால் போலீசும் நம் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. அவன் ஜெயிலிலேயே செத்தும் போனான்.

நீ பேசின மறுநாளே அந்தத் தொடரைச் செய்கிற பெண்ணைத் தேடிப் போனேன். உன் வயதுதான் இருக்கும், நிதானமான பெண், என்னை ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. என் எச்சிலை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப அவள்தான் அலைந்தாள். போன செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. ஆறாவது பெண் என் தங்கைதான். காணாமல் போன தேதிகளை அடுக்கிப் பார்த்துவிட்டு அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். பெயர் கிடைத்ததில்தான் உன் அத்தை கடைசி, செத்ததில் முதல். மற்ற ஐந்து பேரும் நான் கையெழுத்துப் போட்டதற்குப் பிறகு போனவர்கள். இரண்டு மணி நேரம் மைக் முன்னால் பேசினேன். கையெழுத்து விஷயத்தை வேண்டுமானால் எடுத்துவிடட்டுமா என்று கேட்டாள். இருக்கட்டும் என்றேன்.

ஒலிபரப்பாவதற்கு முன் ஒருவரிடமாவது நேரில் சொல்ல வேண்டும் என்றிருந்தது. அத்தைக்கு அடுத்துப் போனது பட்டன் பிரிவில் இருந்த ஒரு பெண், ஏழு மாதம் கழித்து. அவளுடைய அம்மா இன்னும் இருக்கிறார், மாடி வீட்டில் துணி தேய்த்துக் கொடுக்கிறார். நானும் உன் அம்மாவும் போனோம். வாசலை அடைத்தபடி மேஜை, சட்டைகள் குவியலாகக் கிடந்தன, உட்காரச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னேன். நான் முடிக்கும்வரை ஒரே சட்டையைத் திருப்பித் திருப்பித் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார்.

"நீங்க அன்னைக்கு வேற மாதிரி எழுதிக் கொடுத்திருந்தா எம் பொண்ணு இருந்திருப்பாளா?"

தெரியாது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். "இருந்திருக்கலாம்மா" என்றேன்.

அவர் தேய்த்த சட்டையை மடித்து வைத்தார். "போலீஸ்காரங்க சொல்லல, கோர்ட்டுல சொல்லல. நீங்க ஒருத்தர் சொன்னீங்க" என்றார். கும்பிடப் போனேன், கையை நீட்டித் தடுத்தார். "மன்னிக்கல்லாம் முடியாது. இனி வராதீங்க." படி இறங்கும்போது உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள், வீடு வரும்வரை விடவில்லை.

அடுத்த மாதம் முதல் வாரம் அத்தையை நம்மிடம் தருகிறார்கள். லீவு கிடைத்தால் வா. அவள் இடுப்பை விட்டு இறங்காத பிள்ளை நீ, தலை பின்ன அவளைத் தவிர யாரையும் விடமாட்டாய், உனக்கு ஞாபகம் இருக்காது. என் குரல் வருகிற பகுதிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. ரயிலில் கேட்காதே, வீட்டில் மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது கேள். கேட்டபிறகு என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றால் பேசாமல் இரு, ஆனால் அம்மாவிடம் பேசு, அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. இரும்பு மாத்திரையை விட்டுவிடாதே.

நீங்கள் இருவரும் நல்லபடியாக, நீண்ட காலம் வாழ வேண்டும். அத்தையைப் பற்றி யார் கேட்டாலும், ஓடிப்போனாள் என்று மட்டும் இனி சொல்லாதே. மெஷின் வாங்கப் போனாள் என்று சொல்.

இப்படிக்கு,
அவளுடைய அண்ணன், உன் அப்பா